ஒண்டிக்கட்டை எண்கள்

22-6-97, ஞாயிறு

ரோகிணி கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போய்விட்டாள். இனி தீபாவளிக்குத்தான் வருவாள்.

பழக்கத்தில் ஐந்து பேருக்கான சாம்பார் வைத்துவிட்டேன். இவர் குண்டானை எட்டிப் பார்த்து, "யாராவது வராங்களா?" என்றார். பெண் ஊருக்குப் போன ஞாபகமே இல்லாமல் வைத்துவிட்டேன் என்றேன். "போனது ஒருத்திதானே? மீதி ரெண்டு பேர் யாரு?" என்கிறார். சம்பத் என்று பெயர் வைத்த எல்லோருக்கும் இப்படி வாய் இருக்குமா, இல்லை எனக்கு வாய்த்தவருக்கு மட்டுமா?

வீடு சத்தமே இல்லாமல் இருக்கிறது. மத்தியானம் முழுக்க ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

27-6-97

சாயங்காலம் நடக்கப் போனேன். இந்தக் கல்பாக்கம் டவுன்ஷிப்புக்குக் குடிவந்து பதினெட்டு வருஷமாகிறது. எங்கள் தெருவில் வீட்டு எண்கள் 41-இல் தொடங்கி 56-இல் முடிகின்றன என்பதை இன்றைக்குத்தான் கவனித்தேன். மனசுக்கு வேலை இல்லாவிட்டால் இப்படித்தான்.

சும்மா ஒரு விளையாட்டு: ஒன்றைத் தவிர வேறொரு எண் இரண்டு வீட்டு எண்களையும் வகுத்தால் அந்த இரண்டு வீடும் சொந்தம். எங்கள் வீடு 48. தெருவில் பாதிக்கு மேல் எங்களுக்குச் சொந்தம். 49-ஐ ஏழு வகுக்கும், அதனால் 42-ம் 56-ம் அதற்குச் சொந்தம். 47-க்கு யாருமே இல்லை. பாவம், ஒண்டிக்கட்டை. ஆனால் நிஜத்தில் 47-இல் இருக்கும் ஞானம்மாள்தான் இந்தத் தெருவில் ஒரு வீடு விடாமல் போய் வருகிறவள். இன்றைக்கும் சர்க்கரை வாங்கிப்போனாள்.

4-7-97

அடுத்தடுத்து வரும் எண்கள், எங்கே ஆரம்பித்தாலும் சரி, எத்தனை எடுத்தாலும் சரி - அதில் ஒரு ஒண்டிக்கட்டையாவது இருக்கிறது. இது ஏன்?

பகா எண் ஒன்று நடுவில் வந்தால் அது ஒண்டிக்கட்டையாக நிற்பது சகஜம். பகா எண்ணே இல்லாத இடமாகத் தேடினேன். 114 முதல் 126 வரை ஒன்றுகூடக் கிடையாது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். 115-க்கு 120 சொந்தம். 119-க்கு 126 சொந்தம். ஆனால் 121? பதினொன்றும் பதினொன்றும் பெருக்கினால் வருவது. அக்கம்பக்கத்தில் பதினொன்றால் வகுபடுவது வேறெதுவும் இல்லை. ஜம்மென்று தனியாக நிற்கிறது!

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. அடுத்த வரிசையைப் பார்த்துவிட்டுத்தான் துடைத்தேன்.

9-7-97

அடுத்த தெருவில் நின்று வீட்டு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சதுரங்கப்பட்டினத்திலிருந்து கூடையோடு வரும் மீன்கார ஆராயி பிடித்துக்கொண்டாள். "இன்னாமா, நம்பரப் பாத்துகினே நிக்கிற? வூடு மறந்து பூட்ச்சா?"

கணக்குப் போடுகிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பொண்ணு ஊருக்குப் பூட்டா இப்டித்தான் இருக்கும். நல்லா சாப்டு" என்று இரண்டு சங்கரா அதிகமாகப் போட்டாள்.

13-7-97, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். பேப்பரை இறக்கி, என் ஒண்டிக்கட்டை விதியைக் கேட்டார். ஒழுங்காகத்தான் கேட்டார். "நீ கண்டுபிடிச்சதா?" என்று இரண்டு தடவை கேட்டார். அதில் இரண்டாவது தடவை எனக்குப் பிடிக்கவில்லை.

"சரி மேடம். நாளைக்கு ஆபீஸ்ல சாப்பாட்டு நேரத்துல கம்ப்யூட்டர்ல ஒரு புரோகிராம் போட்டுப் பாக்கறேன். எதுவரைக்கும் தாங்குதுன்னு தெரிஞ்சிடும்."

தாராளமாகப் போட்டுப் பாருங்கள் என்றேன். எனக்கென்ன பயம்?

16-7-97

ஆயிரம் வரைக்கும் எல்லா வரிசையும் சரியாக வருகிறதாம்! "இன்னா தெய்வா, உன் ஒண்டிக்கட்டை கெட்டியான ஆளா இருக்கே" என்றார். நாளைக்கு இன்னும் மேலே பார்ப்பாராம். அல்வா கிண்டினேன்.

18-7-97

கம்ப்யூட்டர் ரிப்பேராம்.

29-7-97

செங்கல்பட்டுக்குப் போனேன். கல்யாணியைப் பார்த்தேன். பி.எஸ்ஸி.யில் என் பக்கத்துப் பெஞ்சு. அவள் மேலே படித்தாள், இப்போது பெண்கள் கல்லூரி ஒன்றில் கணக்கு லெக்சரர். நான் எம்.எஸ்ஸி. சீட்டு கிடைத்த மாதத்தில் கல்யாணம் செய்துகொண்டேன். அதற்காக யாரும் என் கையைக் கட்டி இழுத்துப் போகவில்லை. அப்போது எனக்கு இவருடைய மீசை பிடித்திருந்தது. இப்போது அந்த மீசையும் இல்லை.

ஒண்டிக்கட்டையைப் பற்றிச் சொன்னதும் கல்யாணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏ தெய்வா, எங்க கணித மன்ற விழாவுல வந்து பேசேன்! செப்டம்பர் பதிமூணு. ஓய்வு பெற்ற புரொபசர் சுப்புராமன் தலைமை."

முடியாது என்றேன். பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் என்ன புடவை என்று முடிவு செய்துவிட்டேன்.

30-7-97

இவரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், "அதுக்குள்ள எதுக்கு? இன்னும் கொஞ்சம் சரிபாத்துட்டு அடுத்த வருஷம் பேசலாமே" என்கிறார்.

பொறாமையா? இருபது வருஷத்தில் இவரிடம் பார்க்காத ஒன்று. பார்க்க வேடிக்கையாகக்கூட இருக்கிறது.

17-8-97, ஞாயிறு

இவரே கூப்பிட்டு, ஸ்கூட்டரில் திருவிடந்தை பெருமாள் கோவிலுக்குப் போனோம். அங்கே போகிறவர்கள் கல்யாணம் கூடிவரத்தான் வேண்டிக்கொள்வார்கள். யாருக்கு என்றேன். ரோகிணிக்கு என்றார். அவளுக்குப் பத்தொன்பது வயது, இரண்டாவது வருஷம், சர்க்யூட்டைத் தவிர வேறெதையும் பார்க்காத பெண்! "அப்ப உனக்கே இன்னொண்ணுக்கு வேண்டிக்கோ" என்றார். எனக்குக் கைவசம் இருப்பதைச் சமாளிக்கவே நேரம் போதவில்லை.

சேவித்துவிட்டுக் கோவளம் வரை போனோம். படகுகளுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தோம். இவர் எதையோ சொல்ல வாயைத் திறக்கிறார், மூடுகிறார்.

"டிரான்ஸ்பரா?"

"இல்ல."

"உடம்புக்கு ஏதாவதா? டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"சேச்சே."

"அப்ப இன்னாதான்?"

கடலைப் பார்த்தார். "மோர் குடிக்கிறியா?"

மோரைச் சொல்லவா மனுஷன் இவ்வளவு திணறினார்?

28-8-97

அழைப்பிதழ் வந்துவிட்டது. "தொடர் எண்களில் தனித்து நிற்கும் எண் - திருமதி தெய்வநாயகி சம்பத், பி.எஸ்ஸி." அந்த பி.எஸ்ஸி.யை அச்சில் பார்த்து எத்தனை வருஷம்! ஞானம்மாளிடம் காட்டினேன். "ஒரு மாசமா உங்க சமையக்கட்டுலேந்து பாட்டு கேக்குதேன்னு பாத்தேன், இதுதானா?" என்றாள். நான் பாடுகிறேனா என்ன?

2-9-97

வெறுமனே "எல்லா இடத்திலும் இருக்கிறது" என்று மேடையில் சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்? ஏன் என்று சொல்ல வேண்டும். கொடிக்கயிற்றில் துணிக் கிளிப்புகளை வரிசையாக மாட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு கிளிப்பும் ஓர் எண். ஏழு வகுக்கும் எண் ஒன்று வந்தால் அடுத்தது ஏழு கிளிப் தள்ளித்தான் வரும். ஐந்து என்றால் ஐந்து தள்ளி. வரிசை சின்னதாக இருந்தால் சொந்தம் சேர்க்க இடம் போதாது, யாராவது ஒருவர் விட்டுப்போவார். ஒன்பது கிளிப் வரை நிரூபித்துவிட்டேன்.

"துணி எங்க காயப் போடறது?" என்று இவர் கேட்டார். மாடியில் என்றேன். பேசாமல் போய் மாடியில் போட்டார். இவ்வளவு சாதுவாக இவர் இருந்ததே கிடையாது. என்னமோ இருக்கிறது.

8-9-97

கல்யாணி போன் செய்தாள். "காய்ச்சல் எப்படி இருக்கு?"

"யாருக்கு?"

"உனக்குத்தான். உன் வீட்டுக்காரர் போன் பண்ணி, உனக்கு நல்ல காய்ச்சல், பேச்சைத் தள்ளி வெக்க முடியுமான்னு கேட்டாரே?"

சாயங்காலம் கேட்டேன். "காலையில நெத்தியைத் தொட்டேன், சுட்டுச்சு" என்றார். காலையில் நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். யார் நெற்றியைத் தொட்டாராம்?

சிரிப்பு வரவில்லை. நான் மேடை ஏறுவதில் இவருக்கு அப்படி என்ன கஷ்டம்?

11-9-97, வியாழன்

மத்தியானம் பதினேழு கிளிப்பை மாட்டினேன். ஒண்டிக்கட்டை எங்கே விழுகிறது என்று பார்க்கத்தான்.

முதலாவது இரட்டை எண் என்று வைத்தேன். ஒன்று விட்டு ஒன்று எல்லா இரட்டைகளும் தங்களுக்குள் சொந்தமாகிவிட்டன. நடுவில் எட்டு மிச்சம். மூன்று வகுப்பவை என்று மூன்று போயின. ஐந்தால் இரண்டு. மீதி மூன்று. ஏழு, முதல் கிளிப்பையும் எட்டாவதையும் சேர்த்தது. பதிமூன்று, முதலாவதையும் பதினாலாவதையும் சேர்த்தது. ஒன்றுதான் பாக்கி, ஆறாவது. அதுதான் என் ஒண்டிக்கட்டை என்று நினைத்தேன். பதினொன்றை வைத்துப் பார்த்தேன். ஆறாவதும் பதினேழாவதும் சேர்ந்துவிட்டன.

யாருமே மிச்சமில்லை.

எங்கேயோ தப்பு என்று எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினேன். அதேதான். இந்த மாதிரி நிஜத்தில் எண்கள் இருக்குமா? முதல் எண்ணை 2, 3, 7, 13 நான்கும் வகுக்க வேண்டும் - அப்படியென்றால் 546-இன் மடங்கு. இரண்டாவது எண்ணை 5 வகுக்க வேண்டும், ஆறாவதை 11. 546 ஒத்துவரவில்லை. 1092 இல்லை. 1638 இல்லை. 2184 -

2185, ஐந்து வகுக்கிறது. 2189, பதினொன்று வகுக்கிறது.

2184-இலிருந்து 2200 வரை. பதினேழு எண்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்தம் இருக்கிறது. என் விதி போயிற்று.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. எவ்வளவு அழகாக உடைகிறது! ஒரு இடம் வீணில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. ஆபீஸ் பஸ் வரும் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடினேன். இவர் உள்ளே வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உடைஞ்சு போச்சுங்க! பதினேழுல உடையுது! ரெண்டாயிரத்து நூத்தி எண்பத்தி நாலுல ஆரம்பிச்சு -"

"ரெண்டாயிரத்து இருநூறு வரைக்கும்" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. நான் இன்னும் முடிவு எண்ணைச் சொல்லவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்.

"கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆகல, இல்ல?"

"இல்ல."

"ஜூலைலேந்து தெரியுமா?"

"தெய்வா, நீ பாடிகினே சமைச்சிகினு இருந்த. அதுக்கு முன்னாடி, ரோகிணி போனதுலேந்து நீ பாடி நான் கேக்கல. எப்படிச் சொல்றது? இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... கோவளத்துல சொல்லலாம்னுதான் கூட்டிகினு போனேன்."

அதற்குப் பிறகு நான் சொன்னதையெல்லாம் எழுதப் போவதில்லை. ஞானம்மாள் வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது. சாத்திவிட்டுக் கேட்டிருப்பாள்.

12-9-97

தட்டில் சோற்றை வைத்தேன், அவ்வளவுதான்.

தப்புன்னு சொன்னா நான் உடைஞ்சு பூடுவேனா? நான் இன்னா கண்ணாடி டம்ளரா? காய்ச்சல்னு போன் பண்ணத் தெரிஞ்ச மனுஷனுக்கு, தெய்வா இது தப்புடின்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியல. சக்கரைத் தண்ணி குடுத்துக் குழந்தையத் தூங்க வெக்கிற மாதிரி ரெண்டு மாசமா என்னை வெச்சிருந்திருக்காரு. நான் வேற, பொறாமைன்னு நெனச்சு மனசுக்குள்ள சிரிச்சிகினு இருந்தேன்.

நாளைக்கு என்ன செய்வது? கல்யாணிக்குப் போன் செய்து நிஜமாகவே காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா?

சொன்னால் இவர் செய்ததையே நானும் செய்ததாக ஆகும்.

13-9-97, சனி

இவர் எழுந்திருக்கும் முன்பே கிளம்பி பஸ்ஸில் போய்விட்டேன். பச்சைப் பட்டு.

நூறு பெண்கள் இருப்பார்கள். கரும்பலகையில் என் விதியை எழுதினேன். 41 முதல் 56 வரை எழுதி, ஒண்டிக்கட்டையைக் கண்டுபிடியுங்கள் என்றேன். கத்திச் சொன்னார்கள். 114-இலிருந்து 126-ஐ எழுதினேன். கொஞ்ச நேரம் எடுத்தார்கள், சொன்னார்கள். "இப்போ எல்லோரும் இந்த விதியை நம்பறீங்களா?" என்றேன். "நம்பறோம்!" கை தட்டல் வேறு.

"நானும் முந்தாநாள் மத்தியானம் வரைக்கும் நம்பினேன்" என்று சொல்லிவிட்டு 2184-இலிருந்து எழுத ஆரம்பித்தேன்.

பேனா ஓடும் சத்தம்தான். முன் வரிசைப் பெண் ஒருத்தி "2189!" என்று கத்தினாள். இன்னொருத்தி "இல்லடி, 2200 பாரு" என்றாள். "2197!" - அதற்கு 2184. ஒவ்வொன்றாக விழுந்தது. கடைசியில் யாரோ "மேடம், ஒருத்தரும் இல்ல மேடம்" என்றபோது மண்டபமே சிரித்தது. நானும்.

சுப்புராமன் சார் எழுந்தார். மெதுவாகத்தான் பேசினார். "அம்மா, இந்தப் பதினேழு ஏறக்குறைய அறுபது வருஷம் முன்னாடியே தெரிஞ்ச விஷயம். நம்ம தமிழ்நாட்டுக்காரர் ஒருத்தர்தான் கண்டுபிடிச்சார். பதினாறு எண் வரைக்கும் உங்க விதி சரின்னும் அவரே நிரூபிச்சிருக்கார்."

அப்படியானால் விதியும் என்னுடையது இல்லை, அது உடைவதை முதலில் கண்டுபிடித்ததும் நான் இல்லை.

பிறகு வாய் தானாகக் கேட்டது: "பதினாறு வரைக்கும் சரியா சார்? நான் ஒன்பது வரைக்கும்தான் நிரூபிச்சேன்."

"எதை வெச்சு?"

"துணிக் கிளிப்பை வெச்சு."

அவர் சிரிக்கவில்லை. மேலே வந்து போட்டுக் காட்டச் சொன்னார். போட்டேன். முடித்ததும், "எம்.எஸ்ஸி. ஏம்மா படிக்கல?" என்று கேட்டார்.

"கல்யாணம் பண்ணிக்கிட்டேன் சார்."

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் ஓர் ஆண் குரலும் கேட்டது. கடைசி வரிசையில் மாணவிகளுக்கு நடுவே, மடியில் ஹெல்மெட்டோடு, இவர்! எப்போது வந்தாரோ.

பஸ்ஸில்தான் போவேன் என்றேன். கல்பாக்கம் பஸ் வரவே இல்லை. ஸ்கூட்டரை என் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டு அவரும் நின்றார். கடைசியில் ஏறினேன். பட்டுப்புடவையோடு எவ்வளவு நேரம் நிற்பது?

திருக்கழுக்குன்றத்தில் டீ குடிக்க நிறுத்தினார். "உன்னைப் பாவம்னு நெனைக்கல தெய்வா. எனக்குத்தான் பயம். நீ மறுபடி அந்த ஜன்னலாண்ட போய் உக்காந்துகினா நான் இன்னா பண்ணுவேன்னு."

நான் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது இவருக்குத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. டீயைக் குடித்தேன். கோபம் இருந்தது, ஆனால் முன்னைப் போல் நேராக நிற்கவில்லை.

"இனிமே தப்புன்னா தப்புன்னு சொல்லணும்" என்றேன்.

"சொல்றேன்."

"நான் பாடினாலும்."

"நீ பாடறதும் கொஞ்சம் தப்பாத்தான் -"

வீடு வரை பேசவில்லை. வேண்டுமென்றேதான்.

24-10-97

தபால் வழியில் எம்.எஸ்ஸி. சேர விண்ணப்பம் வாங்கி வரச் சொன்னேன். இரண்டு வாங்கி வந்திருக்கிறார். "ஒண்ணுல தப்பா எழுதிடுவ" என்றார். சொல்லச் சொன்னதற்காக இப்படியா?

30-10-97

தீபாவளி. ரோகிணி கிளிப்புகளைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு என்னப்பா ஆச்சு?" என்று இவரிடம் ரகசியமாகக் கேட்டாள். "காய்ச்சல்" என்றார்.

முறைத்தேன். பிறகு சிரித்துவிட்டேன்.

14-6-99

எம்.எஸ்ஸி. முதல் வருஷத்தில் எல்லாம் பாஸ். அல்ஜீப்ராவில் மட்டும் மயிரிழை. ஆராயி கேள்விப்பட்டு, "பொண்ணும் படிக்குது, நீயும் படிக்கிற, அண்ணாத்தைக்கு யாரு சோறு போடறது?" என்றாள். அண்ணாத்த இப்போது ரசம் வைக்கிறார் என்றேன். நம்பவில்லை. ஒரு டம்ளர் கொடுத்தேன். குடித்துவிட்டு நம்பினாள்.

18-2-2001, ஞாயிறு

பதினாறு வரைக்குமான நிரூபணத்தைப் புத்தகம் பார்க்காமல் நானாகவே எழுத வேண்டும் என்று பொங்கலிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். நேற்று முடித்தேன். ஆறு பக்கம். இன்று காலை இட்லியோடு இவர் முன்னால் வைத்தேன்.

முதல் இட்லி முடியவில்லை. "மூணாவது பக்கம் தப்பு" என்றார்.

"எங்க?"

"பதினாலு எண் வரிசை. முதலாவதையும் கடைசியையும் பதிமூணு சேர்க்குமே. அதை நீ பாக்கவே இல்ல."

பார்த்திருக்கிறேன் என்றேன். இல்லை என்றார். நாலாம் பக்கத்தில் வருகிறது என்றேன். வரவில்லை என்றார். பென்சிலை எடுத்து வட்டம் வேறு போட்டார். சட்னி விரலோடு! சொல்லும்போது இந்த மனுஷனுக்கு எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள்.

சண்டை போட்டுவிட்டுப் பார்த்தேன். விட்டுத்தான் போயிருக்கிறது.

மூன்றாம் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். சமையலறையில் இவர் பாத்திரங்களை உருட்டும் சத்தம் கேட்டது. ஏதோ ஒன்று கீழே விழுந்தது. "ஒண்ணும் உடையல!" என்று குரல் கொடுத்தார். நான் தலையை நிமிர்த்தவில்லை.